விளிச்சொல்லும் தெய்வமும்: வங்க, தமிழ்த் திரைப்படங்களில் ‘மா’, ‘அம்மா’

கொல்கத்தாவின் கிழக்கெல்லையில் சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுப்பிய நகரம் சால்ட் லேக். 1960களில் ஊக்ளி ஆற்றுப் படுகையின் வண்டலைக் கொண்டு இந்நிலம் நிரப்பப்பட்டது. ஆட்சி வழக்கில் இதன் பெயர் பிதான்நகர். இத்திட்டத்திற்கு வித்திட்ட முதலமைச்சர் பிதான் சந்திர ராய் திரைப்பட வரலாற்றிலும் இடம்பெற்றவர். சத்யஜித் ராயின் முதற்படமாகிய ‘பதேர் பாஞ்சாலி’ (1955) பணமின்றி இடையில் நின்றபோது மாநில அரசின் பணத்தால் அது நிறைவுற வழிசெய்தவர் அவரே. திரைப்படமும் சமூகத் தொடர்பும் பயிற்றுவிக்கும் மாநில அரசு நிறுவனமாகிய ரூப்கலா கேந்திரா, அவர் பெயர் தாங்கிய இந்நகரின் செக்டார் 5 பகுதியில் பின்னர் அமைந்தது.

இந்நகரின் குடியிருப்புகள் ‘பிளாக்’ எனப் பகுக்கப்பட்டவை. ஆண்டுதோறும் துர்க்கை வழிபாட்டின்போது பல பிளாக்குகள் தத்தமக்கெனப் பந்தல் அமைக்கின்றன. பந்தலில் மண்ணுருவை நோக்கி ‘மா’ என்று கூப்பிட்ட முதியவர், வீடு திரும்பித் தம் மகளையும் மருமகளையும் ‘மா’ என்றே கூப்பிடுகிறார். வங்காளியின் காதுக்கு இதில் வியப்பேதும் இல்லை. தமிழர் காதுக்கும் இல்லை. திரைப்படங்களில் சமயக் கூறுகளை ஆராய்வோர் கதை, காட்சியமைப்பு, தணிக்கை ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றனர். கதைமாந்தர் ஒருவரையொருவர் எவ்வாறு விளிக்கின்றனர் என்பதில் அத்துணைக் கவனம் செலுத்துவதில்லை. ராயின் ‘தேவி’ (1960) என்ற படத்தை இக்கவனம் இன்றி முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

பிரபாத் குமார் முகோபாத்யாய் எழுதிய சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது அப்படம். கதைக்கான கருவை அவருக்குத் தந்தவர் தாகூர். 19ஆம் நூற்றாண்டின் வங்கச் சிற்றூர் ஒன்றில் காளிகிங்கர் என்னும் நிலக்கிழார் வாழ்கிறார், காளியின் அடியார். இளைய மகன் உமாபிரசாத் கல்கத்தாவில் படிக்கிறான். அவன் மனைவி தயாமயி மாமனாருக்குப் பணிவிடை செய்துகொண்டு வீட்டில் இருக்கிறாள். ஓரிரவு காளிகிங்கரின் கனவில் தேவியின் மூன்று கண்கள் தோன்றி, மெல்ல மருமகளின் முகமாக மாறுகின்றன. விழித்தெழுந்தவர் அவள் காலில் விழுகிறார். அன்றுமுதல் அவள் வழிபாட்டிற்குரிய உருவாக அமர்த்தப்படுகிறாள்.

வங்க மொழியில் மருமகளைக் குறிக்கும் சொல் ‘பௌமா’. ‘பௌ’ என்பது மணமகள். ‘மா’ என்பது தாய். சிற்றன்னை முறையாகும் சித்தப்பாவின் மனைவி ‘காகிமா’, தாயின் உடன்பிறந்தாள் ‘மாசிமா’, பாட்டி ‘தாகுமா’. ஆகவே ஒரு குடும்பப் பெண் தன் வாழ்நாளில் பெறும் முறைப்பெயர்களுள் பெரும்பாலானவற்றின் ஈற்றில் ‘மா’ வந்து ஒட்டிக்கொள்கிறது. தயாமயியும் அவ்வீட்டில் மாமனாருக்குப் பௌமா, மூத்தாரின் மகனுக்குக் காகிமா. கனவுக்கு முன்னரே அவள் ‘மா’வாக இருந்தவள். காளிகிங்கர் தமக்குப் பழகிய சொல்லையே மீண்டும் சொல்கிறார், பொருள்தான் இடம்பெயர்ந்துவிடுகிறது.

இதைவிட நுண்ணியது முன்னிலைப் பெயர்களின் செய்தி. வங்க மொழியில் மதிப்புக்குரியோரை ‘ஆப்னி’ என்றும், நெருங்கியோரை ‘துமி’ என்றும், மிக நெருங்கியோரையும் இளையோரையும் ‘துயி’ என்றும் சுட்டுவர். மருமகளுக்கு வழங்குவது துமி. தெய்வத்திற்கும் ஆப்னி வழங்குவதில்லை; துமி அல்லது துயிதான். ராம்பிரசாத் சேனின் காளிப் பாடல்கள் தேவியைத் துயி என்று உரிமையோடு அழைப்பவை. தமிழிலும் மருமகள் ‘நீ’, மாரியம்மனும் ‘நீ’. எனவே மாமனார் மருமகளைத் தெய்வமாகக் கருதத் தொடங்கும்போது பெயர்ச்சொல்லும் மாறவில்லை, பிரதிப்பெயரும் மாறவேண்டியதில்லை. உடல் மட்டுமே நிலை மாறுகிறது: நிமிர்ந்து நின்றவர் குனிகிறார். இருவேறு உறவுகளுக்கு இடையே மொழி ஒரு வரப்பை வைத்திருந்தால் அவர் அங்கே சற்றுத் தடுக்கியிருக்கக்கூடும். வரப்பு இல்லை. ஆங்கில வசன வரிகளின் துணையோடு இப்படத்தைப் பார்க்கும் அயல்நாட்டார்க்கு, மருமகளை ஒருவர் ‘தாயே’ என்று அழைப்பதே பக்தி மயக்கத்தின் விளைவாகத் தோன்றும். உண்மையில் மயக்கம் தொடங்குமுன் நிலவிய அன்றாட வழக்கு அது.

‘தயா’ என்ற பெயரையும் இங்குக் கருதவேண்டும். அம்மை நோயை வங்க மக்கள் ‘மாயேர் தயா’, அதாவது தாயின் அருள், என்பர். நோயைத் தருபவளும் தணிப்பவளும் சீதளா தேவி என்பது நம்பிக்கை. தமிழில் நோயின் பெயரே தாயின் பெயர்தான், கொப்புளங்கள் முத்துகள். கொடியதற்கு இனிய பெயரிட்டு அடக்கிக்கொள்ளும் இவ்வழக்கை மங்கல வழக்கு என்று இலக்கண நூலார் கூறி அமைவர். எனினும் தாயின் அருளும் தாயின் தண்டனையும் ஒரே சொல்லாக நிற்கும் மொழிச்சூழலில், தயாமயி என்ற பெயருடைய பெண்ணின் மடியில் நோயுற்ற குழந்தையைக் கிடத்துவது கேட்போர் செவியில் என்னென்ன எழுப்பும் என்பது எண்ணத்தக்கது.

படத்தில் இரு குழந்தைகள் அவ்வாறு கிடத்தப்படுகின்றனர். முதலாமவன் ஓர் ஏழை முதியவரின் பேரன், அவன் பிழைக்கிறான். செய்தி பரவ, மக்கள் திரள்கின்றனர். ஊர் திரும்பிய கணவன் அவளை அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகத் தப்ப முயல்கிறான். ஆற்றங்கரையில், கரைக்கப்பட்ட துர்க்கையின் வைக்கோற்கூடு நீரில் கிடக்கிறது. அதைக் கண்டு அவள் நின்றுவிடுகிறாள். தான் தேவியாகவே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அவளைத் திருப்பி அனுப்புகிறது. விளி என்பது மறுமொழியை வேண்டி நிற்கும் சொல். ‘மா’ என்று கூப்பிட்டவனுக்கு மறுமொழி தராதவள் தேவி அல்லள் என்று ஆவதைக் காட்டிலும், தாயே அல்லள் என்று ஆகிவிடுவாள். நூற்றுக்கணக்கானோர் கூப்பிடும்போது அப்பெண்ணுக்கு ‘இல்லை’ என்று சொல்லும் இடம் எங்கே இருக்கிறது? பீடத்தில் அமர்ந்தபின் அவள் பெரும்பாலும் பேசுவதே இல்லை. இரண்டாவதாகக் கொண்டுவரப்படுபவன் அவளைக் காகிமா என்றழைத்த, அவள் உயிராக நேசித்த சிறுவன். மருத்துவம் கைவிடப்பட்டு, அவன் அவள் மடியிலேயே இறக்கிறான். அவள் அறிவு பிறழ்கிறது.

படம் இந்து சமயத்தைப் பழிக்கிறது என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. ராய் பிரம்ம சமாஜக் குடும்பத்தினர் என்பதும் அவ்வெதிர்ப்புக்கு இசைவாயிற்று. ஆனால் படத்தில் காளிகிங்கர் வஞ்சகர் அல்லர், மருமகளிடம் அன்புடையவர். அதனாலேயே நிகழ்ச்சி கொடியதாகிறது.

முதற்குழந்தைக்கு ஊட்டப்பெற்றது சரணாமிர்தம். 29 ஆண்டுகள் கழித்து அதே நீர்மத்தை ராய் மீண்டும் கையிலெடுத்தார். ‘கணசத்ரு’ (1989), இப்சன் 1882இல் எழுதிய ‘மக்களின் பகைவன்’ நாடகத்தின் தழுவல். மூலத்தில் மாசுற்றிருப்பது ஊரின் நீராடும் நிலையத்து நீர். ராய் அதனைக் கோயில் தீர்த்தமாக்கினார். நோய்வாய்ப்பட்டிருந்த ராய் ஏறத்தாழ முழுப் படத்தையும் உள்ளரங்கில் எடுத்தார். உரையாடல் மிகுந்து காட்சி மெலிந்தது என்ற குறை பலராலும் கூறப்பட்டது. குறை உண்மையே. ஆனால் மொழியை நோக்குவார்க்கு அவ்வுரையாடலில் செய்தி உண்டு. மருத்துவர் அசோக் குப்தா ‘நீர்’ என்று பேசுகிறார். நீரைச் சோதிக்கலாம், அதில் நோய்க்கிருமி இருக்கலாம். கோயிலார் ‘சரணாமிர்தம்’ என்று பேசுகின்றனர்; துளசியும் கங்கை நீரும் கலந்த அமிர்தத்தில், அச்சொல்லின் பொருளாலேயே, நோய் இருக்க இயலாது. இருவர் கையிலும் இருப்பது ஒரே பாத்திரத்து நீர். தமிழில் தண்ணீரும் தீர்த்தமும், சாம்பலும் திருநீறும் இவ்வாறே பிரிந்து நிற்பவை. ஆய்வக முடிவைக் காட்டி மருத்துவர் தோற்கிறார். அவர் மறுத்தது ஒரு பெயரை என்பதால் ஊர் அவரைப் பகைவன் என்கிறது.

தமிழ்த் திரைப்படத்தில் இதே விளிச்சொல்லின் வரலாறு வேறு வழியில் சென்றது. வங்கத்துத் தேவி வாய் திறவாள். தமிழ்த் தெய்வங்கள் ஓயாது பேசுவன. ‘பராசக்தி’ (1952) இதற்குத் தோற்றுவாய்போல் அமைந்தது. மு. கருணாநிதியின் உரையாடலில், கோயிலுக்குள் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டிக்கும் குரல் தெய்வ உருவின் பின்னிருந்து வருகிறது, பேசுபவன் மனிதன். அவன் பேசுவதோ எதுகை மோனை நிறைந்த செந்தமிழ். தெய்வத்திற்கு உரியதாகக் கருதப்பட்ட உயர்நடையைப் பகுத்தறிவாளன் எடுத்துக்கொண்டான். படத்தைத் தடைசெய்யக் கோரியவர்களும் அத்தமிழைச் செவிமடுத்தே கோரினர்.

ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) அந்நடையைத் தெய்வத்திடமே திருப்பித் தந்தது. புலவராக வந்த இறைவன் செந்தமிழில் வாதிட, ஏழைப் புலவன் தருமி பேச்சுத்தமிழில் புலம்புகிறான். குறுந்தொகையின் 2ஆம் பாடலைப் பற்றிய பொருட்குற்ற வழக்கில் கடவுளையே எதிர்த்து நிற்கும் நக்கீரனும் செந்தமிழிலேயே நிற்கிறான். இரட்டை வழக்கு மொழிக்கு இதனினும் தெளிவான காட்சி விளக்கம் கிடைப்பது அரிது. மக்கள் நினைவில் தங்கியது தருமியின் தமிழே என்பது வேறு செய்தி.

‘ஆதி பராசக்தி’ (1971) படத்தில் தேவியாகத் தோன்றியவர் ஜெயலலிதா. பிற்காலத்தில் ஓர் அரசியல் கட்சி முழுமையும் அவரை ‘அம்மா’ என்றே விளித்தது. முதியோரும் விளித்தனர், காலில் விழவும் செய்தனர். இதனை அப்படத்தின் விளைவு என்று கூறுவது பிழை. வயதையும் முறையையும் கடந்து ஒரு பெண்ணுக்கு வழங்கத்தக்க சொல் தமிழில் ஆயத்தமாக இருந்தது என்று மட்டும் கூறலாம்.

2020இல் வெளிவந்த ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் குலதெய்வம் பேச்சுத்தமிழ் பேசுகிறாள். அவள் காட்சி தரும் இளைஞனின் பெயர் ஏங்கல்ஸ் ராமசாமி. பகுத்தறிவு மரபின் எச்சம் பெயரளவில் அங்கே நிற்கிறது. போலிச் சாமியாரைத் தோலுரிக்கும் வேலையை, 1952இல் சிலையின் பின்னிருந்து மனிதன் செய்ததை, இப்போது அம்மனே செய்கிறாள். செந்தமிழைக் கைவிட்ட பின்னரும் அவள் அம்மனாகவே ஏற்கப்பட்டாள். கதையில் அவள் மனிதப் பெண் அல்லள், தெய்வமே. தயாமயிக்கு நேர்ந்தது அதன் மறுதலை. அவள் மனிதப் பெண் என்று அவ்வூரில் உறுதியாக நம்பியவர்கள் அவள் கணவனும், மகனை இழந்த ஓரகத்தியுமே.