படகின் அடித்தளம்: மரம் முதல் கண்ணாடியிழை வரை

சிறு படகில் முதலில் தேய்வதும் அழுகுவதும் அதன் அடித்தளமே. சோழமண்டலக் கரையில் அது கூடுதலாக அடி வாங்குகிறது. இங்கே இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. படகு கரையலையைக் கடந்து வந்து மணலில் மோதி நிற்கிறது. பிறகு அதைக் கரைமேல் இழுத்து ஏற்றுகிறார்கள். ஆகவே அடித்தளத்தை எந்தப் பொருளால் அமைப்பது, கெட்டுப்போனால் எதைக் கொண்டு மாற்றுவது என்பது மீனவரின் உயிரையும் பிழைப்பையும் தொட்ட கேள்வியாக இருந்து வருகிறது.

கட்டுமரமும் தைத்த படகும்

இக்கேள்விக்குக் கிடைத்த பழைய விடை கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து இதைச் செய்தனர். மேலே ஏறும் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடுவதால், ஓட்டை விழும் என்ற அச்சம் இதில் இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைப்பர். ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது விடை மசூலாப் படகு. 1639இல் ஆங்கிலேயர் குடியேறிய சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் இப்படகுகளே கரை சேர்த்தன. இவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டன. தையலின் அடியில் வைக்கோல் போன்ற பொருளை வைத்து அடைத்தனர். உள்ளே விறைப்பான சட்டங்கள் இல்லாததால், தரையில் மோதும்போது அடித்தளம் வளைந்து கொடுத்தது. ஆணி அடித்த கப்பல் படகுகள் இந்த அலையில் எளிதில் உடைந்தன. 1875இல் துறைமுகப் பணி தொடங்கிய பின் மசூலாவின் தேவை மெல்லக் குறைந்தது.

ஒட்டுப்பலகை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய மரங்கள் அரிதாகி விலையும் ஏறியது. 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்திலும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பின் முயற்சியால் கேரளத்திலும் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவின. வெட்டிய பலகைகளைக் கம்பியால் தைத்து, இணைப்பின்மேல் பிசினும் கண்ணாடியிழைப் பட்டையும் ஒட்டும் முறை இவற்றில் பயன்பட்டது. தையல் என்ற பழைய உத்தி, கயிறு போய்க் கம்பியும் பிசினுமாகத் திரும்பி வந்தது எனலாம்.

கண்ணாடியிழை

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் கரையேறும் கண்ணாடியிழைப் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஏராளமான ‘பைபர்’ படகுகள் வந்தன. பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தை இவை பிடித்தன.

கண்ணாடியிழையைக் கப்பற்புழு துளைக்காது. அது அழுகவும் செய்யாது. ஆனால் மணலில் இழுபடும்போது அடிப்பகுதி தேய்கிறது. வெளிப்பூச்சு போய் இழை தெரியத் தொடங்கினால் நீர் உள்ளே இறங்கும். ஈரம் முழுவதும் உலராமல் புதிய அடுக்கை ஒட்டினால் பிடிக்காது. கட்டுமரத்தைப் போலக் கயிற்றை அவிழ்த்து ஒரு பகுதியை மட்டும் மாற்ற இங்கே வழியில்லை. பயன்முடிந்த படகு மக்காமல் கரையிலேயே கிடக்கிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

உள்தளத்துக்கு ஒட்டுப்பலகை வாங்குவோர் ஐ.எஸ். 710 என்ற கடல்தரக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். இதன் பசை 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்குமா எனச் சோதிக்கப்படுகிறது. அறைகலனுக்கான ஈரம் தாங்கும் சாதாரணப் பலகை, தொடர்ந்து நனைந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். நல்ல பலகையிலும் வெட்டிய ஓரங்களுக்கும் ஆணித் துளைகளுக்கும் பிசின் பூச வேண்டும்; நீர் முதலில் நுழைவது அங்கேதான். இரும்பு ஆணி உப்புநீரில் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். அலுமினியப் படகில் செம்பு ஆணியோ செம்புச் சேர்மம் ஏற்றிய மரமோ படக்கூடாது, அலுமினியம் அரித்துப்போகும்.

இடத்தைப் பொறுத்தும் தேர்வு மாறும். ஆவடி பருத்திப்பட்டு ஏரி போன்ற நீர்நிலைக்கு ஒரு படகைச் செப்பனிடுபவருக்குக் கரையலையோ கடலின் கப்பற்புழுவோ கவலையில்லை. படகுக்குள் தேங்கும் மழைநீர்தான் அங்கே பகை. அது மரத்தைக் கடல்நீரைவிட விரைவில் அழுகச் செய்யும். அங்கே விலையுயர்ந்த பலகையைவிட, நீர் வடியும் வழியும் கழற்றி உலர்த்தக்கூடிய தளமும் அதிகம் உதவும். கட்டுமரக்காரர்கள் நாள்தோறும் செய்துவந்ததும் அதுவே.