கிலுகிலுப்பை காட்டிக்கொடுத்த நோய்

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்ட பிள்ளைகளைக் கவனிக்கும் வார்டுகளில் எடையைத் தவறாமல் பார்ப்பார்கள். தொப்புளுக்கு நேராக நாடா பிடித்து வயிற்றின் சுற்றளவையும் குறிப்பார்கள். கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும் நோய் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

அந்த நோயை முதலில் காட்டிக்கொடுத்தவை ரொட்டியும் தேநீரும். 1920இல் தென்னாப்பிரிக்காவில், களைச்செடி கலந்த மாவில் சுட்ட ரொட்டி தின்றவர்களுக்குக் கல்லீரல் கெட்டது. 1954இல் ஜமைக்காவில் ப்ராஸ் என்பவரும் சகாக்களும், மூலிகைத் தேநீர் குடித்த குழந்தைகளின் கல்லீரலில் சிறு நாளங்கள் அடைபட்டிருப்பதை விவரித்தார்கள். தேநீரில் போட்ட செடிகளில் ஒன்று நம் கிலுகிலுப்பையின் இனம். 1970களில் மத்திய இந்தியாவின் சர்குஜா மாவட்டத்து ஏழைக் குடும்பங்களில் அதே இனத்தின் விதை கலந்த சாமையை உண்டு பலர் மடிந்தார்கள். தேள்கொடுக்குச் செடியிலும் இவ்வகை நஞ்சு உண்டு. அதனால் சொல்கிறேன்: சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு, எவ்வளவு ஆசையோடு காய்ச்சிய கசாயமானாலும், டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

1970களின் இறுதியில், ஸ்டெம் செல் மாற்றின் ஒரு வகையான எலும்பு மஜ்ஜை மாற்று பெற்றவர்களிடமும் இதே அடைப்பு தெரிந்தது. பழைய மஜ்ஜையை அழிக்கத் தரும் புசல்ஃபான் போன்ற மருந்துகளும் கதிர்வீச்சும் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. உதிர்ந்த செல்கள் வழியை அடைக்க, ரத்தம் தேங்கிக் கல்லீரல் வீங்குகிறது. வயிற்றில் நீர் கோக்கிறது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 1985இல் முதல் மஜ்ஜை மாற்று நடந்தபோது இந்த ஆபத்து தெரிந்த ஒன்றுதான். மருந்துதான் இல்லை.

அது பன்றிக்குடலிலிருந்து வந்தது. குடலின் உட்படலத்து டி.என்.ஏ.விலிருந்து இத்தாலியில் உருவான டிஃபைப்ரோடைடுக்கு ஐரோப்பா 2013இலும் அமெரிக்கா 2016இலும் அனுமதி தந்தன. மற்ற உறுப்புகளும் செயலிழக்கத் தொடங்கிய நோயாளிகளில், மாற்று முடிந்த 100ஆம் நாளில் உயிரோடிருந்தவர்கள் 38 சதவீதம்; இந்த மருந்து கிடைக்காத பழைய நோயாளிகளில் 25. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம், அதில் அடங்கியவை பிள்ளைகளின் உயிர்களும்தான்.

இந்த நோயைக் கண்டறிய, சிறுவர்களுக்கென்று தனி அளவுகோலை ஐரோப்பிய நிபுணர்கள் 2018இல் வெளியிட்டார்கள். மாற்று முடிந்து 21 நாளுக்குள் நோய் தெரிய வேண்டும் என்று பெரியவர்களின் பழைய அளவுகோலில் இருந்த கெடு சிறுவர்களுக்கு இல்லை. மஞ்சள் காமாலை இல்லாமலும் நோய் வரும். நீர் பிரியும் மருந்து கொடுத்தும் மூன்று நாள் தொடர்ந்து எடை ஏறினால், கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.