போக்கிமான் வரிசையில் எளிமைப் பதிப்புகள்

போக்கிமான் என்னும் ஜப்பானிய வீடியோ கேம் வரிசை 1996 பிப்ரவரி 27 அன்று, கேம் பாய் கையடக்கக் கருவிக்கான ரெட், கிரீன் என்ற இரட்டைப் பதிப்போடு தொடங்கியது. கற்பனை உயிர்களைப் பிடிப்பது, வளர்ப்பது, மோதவிடுவது, நண்பரின் கருவியோடு கம்பி இணைத்து மாற்றிக்கொள்வது ஆகிய நான்கும் அதன் அடித்தளம். கேம் ஃப்ரீக் நிறுவனத்தை நிறுவிய சதோஷி தாஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த அனுபவத்திலிருந்து இந்த எண்ணம் பிறந்ததாகக் கூறியிருக்கிறார். இந்த முதன்மை வரிசையின் அருகிலேயே, விதிகளைக் குறைத்துப் புதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏற்றபடி செய்த விளையாட்டுகள் அவ்வப்போது வந்திருக்கின்றன. 2016இல் போக்கிமான் கோ, 2018இல் போக்கிமான் குவெஸ்ட், அதே ஆண்டு நவம்பரில் லெட்ஸ் கோ பிக்காச்சு, லெட்ஸ் கோ ஈவீ, 2024இல் டிசிஜி பாக்கெட் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பழைய ரசிகர்களில் பலர் இவற்றைத் தண்ணீர் கலந்த பால் என்றே மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடு பாதிதான் சரி. எளிமைப் பதிப்புகள் நீக்கியவற்றில் ஒரு பகுதி ஆட்டக்காரரின் வீண் உழைப்பு. இன்னொரு பகுதி அவர் யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பு. உழைப்பைக் குறைத்த மாற்றங்கள் சில ஆண்டுகளுக்குள் முதன்மை வரிசையிலும் நிலைத்துவிட்டன. முடிவெடுக்கும் வாய்ப்பைக் குறைத்தவை, போட்டி ஆட்டம் நடக்கும் இடத்தில் காலூன்றவே இல்லை.

இதை எடைபோட, மூல விளையாட்டு எத்தனை சிறியது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1996இல் இருந்தவை 151 இனங்கள், 15 வகைகள். சிறப்புத் தாக்குதலுக்கும் சிறப்புத் தற்காப்புக்கும் சேர்த்து ஒரே எண். உயிர்களின் கையில் பொருள் கொடுத்துவைக்க முடியாது; முட்டை கிடையாது; இயல்பு என்ற பாகுபாடு கிடையாது; பிறவித் திறன் என்ற கருத்தே இல்லை. மனோசக்தி வகையை எதிர்க்க உருப்படியான வழி இல்லாததால் அந்த வகையே கோலோச்சியது. 1999இல் ஜப்பானில் வந்த கோல்டு, சில்வர் இரண்டும் கையிருப்புப் பொருளையும் இனப்பெருக்கத்தையும் இரண்டு புதிய வகைகளையும் கொண்டுவந்து, அந்த ஒற்றை எண்ணை இரண்டாகப் பிரித்தன. 2002இன் ரூபி, சபையர் பிறவித் திறன்களையும் இயல்புகளையும் சேர்த்தன. 2006இன் டயமண்ட், பேர்ல் ஒவ்வொரு தாக்குதலையும் உடல்வழியா சிறப்புவழியா என்று தனித்தனியே பிரித்தன. 2013இன் எக்ஸ், வொய் 18ஆவது வகையைச் சேர்த்தன. அதாவது, ரசிகர்கள் காக்க நினைக்கும் ஆழம் ஒரே நாளில் வந்ததல்ல; பதினேழு ஆண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. 1998இன் யெல்லோ பதிப்பை அடியொற்றி எழுந்த லெட்ஸ் கோ விளையாட்டில் 18 வகைகளும் இயல்புகளும் ஆறு தனி எண்களும் மெகா உருமாற்றமும் இருக்கின்றன. எளிமையாக்கப்பட்டது என்று பெயர் வாங்கிய இந்த விளையாட்டு, தான் நகலெடுத்த மூலத்தைவிட விதிகளில் அடர்த்தியானது என்பதை அதைக் குறைசொல்வோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

சேர்ந்த அடுக்குகள் எல்லாம் சிந்தனைக்கு வேலை தந்தவையும் அல்ல. எந்த எதிரியை எத்தனை முறை வீழ்த்தினோம் என்பதைப் பொறுத்து உயிரின் எண்கள் மறைவாக ஏறும் ஒரு கணக்கு நெடுங்காலமாக இருந்துவந்தது. ரூபி, சபையர் முதல் அதன் மொத்த வரம்பு 510 புள்ளிகள். அது திரையில் எங்கும் தெரியாது. தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒரே இனத்தை நூறு முறைக்கு மேல் வீழ்த்த வேண்டியிருந்தது. எந்த எண்ணை உயர்த்துவது என்று முடிவெடுப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்து முடிப்பது பல மணிநேரக் கூலி. 2013இல் எக்ஸ், வொய் இதைச் சிறு பந்தாட்டப் பயிற்சியாக்கித் திரையில் வரைந்து காட்டின. அதே விளையாட்டில்தான் மோதலில் கிடைக்கும் அனுபவப் புள்ளியைக் குழு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் கருவியும் புதுவடிவம் பெற்றது. மரம் வெட்டவும் நீர் கடக்கவும் ஒரு தாக்குதல் இடத்தையே பலிகொடுக்கும் பழைய ஏற்பாட்டை 2016இன் சன், மூன் கைவிட்டு, ஏறிச் செல்லும் வாகன உயிர்களைத் தந்தன. இதற்கிடையே 2012இல் ஒரு விசித்திரமும் நடந்தது. பிளாக் 2, வொயிட் 2 இரண்டிலும் ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வைத்தார்கள்; ஆனால் எளிய முறையைத் திறக்கும் சாவி, விளையாட்டின் இறுதி வெற்றிக்குப் பிறகுதான் கிடைத்தது. ஒரு வழியாக மலையேறி முடித்தவனிடம் கைத்தடி கொடுத்தால் அவன் என்ன செய்வான்? எளிமையை ஒரு தெரிவாக வைப்பதில் இந்த நிறுவனத்துக்கு இருந்த தடுமாற்றம் பிறகும் தீரவில்லை.

பெரிய முறிவு 2016 ஜூலை 6 அன்று வந்தது. நயான்டிக் உருவாக்கிய போக்கிமான் கோ கைப்பேசிக்கானது. ஆகஸ்ட் 6 அன்று மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளுக்கு வந்தது. செப்டம்பருக்குள் 50 கோடி முறை பதிவிறக்கப்பட்டுவிட்டது. காட்டு உயிரோடு மோதுவதே இல்லை. உயிரைப் பிடிக்கும் பந்தை விரலால் சுண்டினால் போதும். ஆறு எண்கள் மூன்றாயின. ஒரே இனத்தைப் பலமுறை பிடித்து, மிகுதியை விளையாட்டில் வரும் பேராசிரியரிடம் அனுப்பி, கிடைக்கும் மிட்டாயைக் கொண்டு உருமாற்ற வேண்டும். உயிர்களை மாற்றிக்கொள்ளும் வசதி தொடக்கத்தில் இல்லை. அது 2018இல்தான் வந்தது. இத்தனை நீக்கிய பிறகும் உழைப்பு மறையவில்லை, கட்டைவிரலிலிருந்து காலுக்கு இறங்கியது. முட்டை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பந்து நிரப்பப் பொது அடையாளங்களுக்குப் போக வேண்டும். அந்த அடையாளங்கள் நயான்டிக்கின் முந்தைய விளையாட்டான இங்கிரஸின் ஆட்டக்காரர்கள் பரிந்துரைத்த கோயில், சிலை, சுவரோவியம், நினைவுச்சின்னம் போன்றவை. 2008இல் யுனெஸ்கோ மரபுரிமை நகரான, பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருக்கள் இந்தத் தகவல் தளத்துக்கென்றே அமைந்தவை போன்றவை. அதே பினாங்கு மாநிலத்தில், கடலுக்கு அக்கரையில் நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டம் போன்ற ஓரிடத்தில், அந்தத் தளம் எதிர்பார்க்கும் வகை அடையாளம் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் தாண்டினால் எத்தனை தேறும்? நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வு பல நாடுகளில் பேசப்பட்டது. ஆகவே, விதிகளை எளிதாக்கியதால் எல்லாருக்கும் ஆட்டம் எளிதாகிவிட்டது என்று கொள்வதற்கில்லை; எவர் எந்த உழைப்பைத் தருகிறார் என்பதுதான் மாறியது.

தோட்டப்புறத்துப் பிள்ளையை முன்னிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதன்மை வரிசை உரைநடை நிறைந்தது. ஒவ்வொரு திறனுக்கும் பொருளுக்கும் இரண்டு வரி விளக்கம் உண்டு. சன், மூன் வந்தபோது சீன எழுத்துமுறை இரண்டும் சேர்ந்து மொழிகள் ஒன்பதாயின. தமிழ் அதில் இல்லை, மலாயும் இல்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் இந்த விளக்கங்களை எல்லாம் ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். கோ இந்திக்கு 2023இல் வந்தது. பிடிப்பது எளிதா கடினமா என்பதைப் பச்சையிலிருந்து சிவப்புவரை மாறும் வட்டத்தால் காட்டும் ஏற்பாடு இந்தச் சூழலில் வெறும் அலங்காரமில்லை. மொழி தெரியாதவருக்கும் அது முழுத் தகவலைத் தருகிறது. எளிமைப்படுத்தலை ஜப்பானிய, ஆங்கில ஆட்டக்காரரின் கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் கோணம் இது.

2018 மே மாத இறுதியில் தோக்கியோவில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் லெட்ஸ் கோ இரட்டைப் பதிப்பு அறிவிக்கப்பட்டது. முழு அளவிலான அடுத்த தலைமுறை விளையாட்டு 2019இல் வரும் என்றும் அங்கேயே சொல்லப்பட்டது. ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்திருப்பதை நிறுவனம் அறிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஜுனிச்சி மசுதா இயக்கிய இந்த விளையாட்டு 2018 நவம்பர் 16 அன்று நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு வந்தது. புல்வெளியில் கால்வைத்தால் எங்கிருந்தோ ஓர் உயிர் குறுக்கிடும் பழைய முறை போய், உயிர்கள் நிலத்தில் கண்ணெதிரே உலவின. வேண்டியதை அணுகலாம், வேண்டாததை ஒதுக்கலாம். கட்டுப்பாட்டுக் கருவியைப் பந்து எறிவதுபோல் வீசியசைத்தே பிடிக்கலாம். பிடித்தாலே குழுவுக்கு அனுபவப் புள்ளி சேரும். பிடித்தவற்றின் பெட்டியைத் தேடி ஊர் ஊராக ஓட வேண்டாம், பையிலேயே இருக்கும். இரண்டாமவர் ஒருவர் இன்னொரு கருவியை எடுத்து உடனே சேர்ந்துகொள்ளலாம். பெற்றோரும் பிள்ளையும் ஒரே திரைமுன் ஆட இதைவிட எளிய ஏற்பாடு முன்பு இல்லை. இவை எல்லாம் கூலியைக் குறைத்தவை. மறுபுறம் பிறவித் திறன்கள், கையிருப்புப் பொருள்கள், முட்டை எல்லாம் அகற்றப்பட்டன. காட்டு உயிரை அடித்து வலுவிழக்கச் செய்து பிடிக்கும் சிறு கணக்கும் சில அரிய உயிர்களோடு நின்றுவிட்டது. பாறை வகையோடு மோத வேண்டிய முதல் ஜிம் என்னும் மோதல் கூடத்துக்குள் நுழைய நீர் வகையோ புல் வகையோ ஒன்றைக் காட்டியாக வேண்டும். பாறையை எதனால் வெல்வது என்று தோற்றுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை வாசலிலேயே பறித்த இந்த விதி, இந்த விளையாட்டின் மிகப் பலவீனமான இடம்.

போட்டி ஆட்டத்தில் இதன் விளைவு உடனே தெரிந்தது. மறைவான பழைய கணக்குக்குப் பதிலாக, மிட்டாய் ஊட்டி ஒவ்வோர் எண்ணையும் 200 புள்ளிவரை உயர்த்தும் முறை வந்தது. ஆறு எண்களையும் ஒருசேர உச்சத்துக்கு ஏற்றலாம். எதை உயர்த்துவது என்ற தெரிவே மறைந்து, எத்தனை மிட்டாய் சேர்த்தாய் என்பதே மிஞ்சியது. அதிகாரபூர்வ உலகப் போட்டிகளின் 2018–19 பருவம், அல்ட்ரா சன், அல்ட்ரா மூன் என்ற முந்தைய விளையாட்டிலேயே நடந்தது. புதிதாக வந்த லெட்ஸ் கோ அரங்குக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. எளிமையில் எது வீண் எது வித்து என்று பிரிக்க இது போதுமான உரைகல்.

எல்லாம் வியாபாரத் தந்திரம், கோ ஆடிய கோடிக்கணக்கானோரைப் பணம் கொடுத்து வாங்கும் கருவிக்கு இழுக்கவே லெட்ஸ் கோ செய்யப்பட்டது என்பது முதல் ஆட்சேபம். அது உண்மையே, கோ விளையாட்டில் பிடித்த உயிர்களை உள்ளே கொண்டுவரும் பூங்காவே அதற்குச் சாட்சி, ஒன்றரைக் கோடி படிகள் விற்றதும் சாட்சி. ஆனால் நோக்கம் வணிகம் என்பதால் வடிவமைப்பு தவறாகிவிடாது. இரண்டு நிறப் பதிப்புகளாகப் பிரித்து இனங்களைப் பங்கிட்ட 1996இன் முடிவும் வணிகம்தான், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளும் பண்பாடு அதிலிருந்தே பிறந்தது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: எளிமை ஒரு பதிப்பில் நிற்காமல் முதன்மை வரிசைக்குள் கட்டாயமாகப் புகுந்துவிடுகிறது என்பது. அனுபவப் பகிர்வை எக்ஸ், வொய் விளையாட்டில் நிறுத்திவைக்கலாம். 2019இன் ஸ்வார்டு, ஷீல்டு முதல் நிறுத்த வழியில்லை. இதில் குறைசொல்பவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. கூலியைக் குறைப்பது நல்லது; குறைக்காமல் ஆட விரும்புபவரின் உரிமையைச் சேர்த்துக் குறைப்பதற்குக் காரணமே இல்லை, ஒரு பொத்தான் போதும்.

அதே ஸ்வார்டு, ஷீல்டு கண்ணுக்குத் தெரியும் உயிர்களையும் கையோடு வரும் பெட்டியையும் எடுத்துக்கொண்டது. பிறவித் திறனையும் கையிருப்புப் பொருளையும் திருப்பிக் கொண்டுவந்தது. 2022இன் ஸ்கார்லெட், வயலெட் திறந்த நிலப்பரப்பில் உயிரைத் தானே மோதப் போகச் சொல்லும் வசதியைச் சேர்த்து, அதற்கு லெட்ஸ் கோ என்றே பெயரிட்டது. விதிவிலக்கு போலத் தோன்றுவது லெஜண்ட்ஸ் கிளை. 2022 ஜனவரியில் வந்த ஆர்சியஸில் பிறவித் திறன் இல்லை, முட்டை இல்லை. 2025 அக்டோபரில் வந்த இசட்-ஏ விளையாட்டிலும் பிறவித் திறன் இல்லை. ஆனால் இவை எடுத்த இடத்தில் வேறொன்றை வைத்தன. ஆர்சியஸில் உயிர் ஆட்டக்காரரையே தாக்கும். புதரில் ஒளிவதா, முதுகுப்பக்கமாக எறிவதா, வேகத்துக்கு வலிமையை விட்டுக்கொடுப்பதா என்று ஒவ்வொரு கணமும் தீர்மானிக்க வேண்டும். இசட்-ஏவில் மோதல் உடனுக்குடன் நடக்கிறது, நின்ற இடமே கணக்கில் வருகிறது. அட்டை விளையாட்டிலும் இதே கதை: 60 அட்டைக் கட்டை டிசிஜி பாக்கெட் 20 ஆக்கி, ஆறு பரிசு அட்டைகளுக்குப் பதில் மூன்று புள்ளி என்று வைத்து, கட்டில் ஆற்றல் அட்டையே வராமல் செய்தது. ஆற்றல் அட்டை கையில் வராமல் தோற்பது ஒருபோதும் திறமைக்கான சோதனையாக இருந்ததில்லை; ஆனால் சிறிய கட்டில் முதலில் ஆடுபவர் யார் என்ற நாணயச் சுண்டலின் எடை கூடிவிட்டது, அது இன்னும் சரியாகவில்லை.

2025 பிப்ரவரியில் போக்கிமான் சாம்பியன்ஸ் என்ற பெயரில், மோதல் ஒன்றுக்காகவே ஒரு விளையாட்டு அறிவிக்கப்பட்டது. பிடிக்கும் சாகசமோ கதையோ அதற்கு மையமில்லை. வேறு பதிப்புகளில் சேர்த்த உயிர்களையும் கொண்டுவந்து மோதவிடலாம். கோவும் லெட்ஸ் கோவும் பிடிப்பதை மோதலிலிருந்து பிரித்தெடுத்தன. சாம்பியன்ஸ் மறுபக்கத்திலிருந்து மோதலைப் பிடிப்பதிலிருந்து பிரித்தெடுக்கிறது. 1996இல் ஒரே சிறிய அட்டைப் பெட்டிக்குள் சேர்ந்திருந்த இரண்டும் இனி வெவ்வேறு கடைகளில் விற்கப்படும்போது, எளிமை என்று எதை அழைப்பது என்ற கேள்வியே வேறாகிவிடும்.