நகையும் அச்சமும்: ஒரு நிலவறைக் காட்சியின் மறுவாசிப்பு

‘சிம்ப்சன்ஸ்’ என்னும் அமெரிக்கச் சித்திரத் தொடரில் 1990 அக்டோபர் 25 அன்று ஒளிபரப்பான முதல் ஹாலோவீன் சிறப்பு நிகழ்ச்சியில், ஹாஸ்யம் பயானகத்தின் பல்லைப் பிடுங்கிவிடுகிறது என்ற அபிப்பிராயம் ஆய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. குடும்பத் தலைவியாகிய மார்ஜ் திரைக்கு முன்வந்து பெற்றோரை எச்சரிப்பது, 1931-ஆம் ஆண்டின் ‘பிராங்கன்ஸ்டைன்’ திரைப்பட முகப்பைக் கேலி செய்வதாதலின், பின்வருவன யாவும் கேலியே என்பது அவர்கள் துணிபு. முகப்பை வைத்து மாளிகையை அளக்கும் இம்முறை எனக்கு உடன்பாடன்று.

என் ஐயம் முதற்கதையின் ஒரே காட்சியைப் பற்றியது. மலிவாகக் கிடைத்த பழைய மாளிகையில் அக்குடும்பம் குடியேறுகிறது. சுவர்களில் குருதி வழிகிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் இடுகாட்டின் மீது அம்மாளிகை எழும்பியிருப்பது நிலவறையில் புலனாகிறது. நிற்கும் கற்களுள் ஒன்றில் மகாத்மா காந்தியின் பெயர் பொறித்திருக்கிறது! ‘இந்தியர்’ என்னும் பெயர்க் குழப்பத்தால் விளைந்த வெறும் சிலேடை என்று இதனை ஒதுக்குவது வழக்கம். ஆயினும், 1948-இல் யமுனைக் கரையில் தகனம் செய்யப்பட்ட ஒருவருக்கு அமெரிக்க நிலவறையில் கல்லறை எழுப்பும் அறியாமை எவருடையது? அங்கே புதைந்தோருடையது அன்று; மேலே வீடு கட்டியோருடையது, வாங்கியோருடையது. காலுக்கடியில் கிடப்போர் இன்னாரென்று அறியாமலே, அறிய விரும்பாமலே, அவர்கள் குடியிருந்துவிடலாம். வீட்டை விற்ற தரகரைத் தொலைபேசியில் அழைத்துக் குடும்பத் தலைவராகிய ஹோமர் ஆத்திரத்துடன் கேட்கிறார். தரகரோ அச்செய்தியை ஐந்தாறு முறை முன்னரே சொல்லியிருந்தாராம்.

தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களையும், அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினையும் வகுக்கிறது. முன்னையோர் இக்காட்சியில் எள்ளலை மட்டும் கண்டு, எள்ளப்படுவது அணங்கு என்று கொண்டனர். நகை இங்கே பேதைமையிற் பிறக்கிறது என்றும், அச்சம் அணங்கை விட்டுத் தம் இறையின்பால், அதாவது நிலத்தைக் கைமாற்றும் அதிகாரத்தின்பால், பெயர்ந்துவிட்டது என்றும் கொள்ளுதல், என் மதியில், பொருத்தமாகத் தோன்றுகிறது. இறந்தோர் எவரும் எழுந்து வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; பேசுவது வீடு. அவ்வீடும் இக்குடும்பத்தோடு வாழ்வதைக் காட்டிலும் அழிந்துபோதல் மேல் எனத் தன்னைத்தானே தகர்த்துக்கொள்கிறது. புதைந்தோர்க்கு இறுதிவரை நாவில்லை.

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுள் ஒன்றில், குவார்ட்டர்ஸ் வீட்டில் அமர்ந்து இதைக் காண்பவருக்கு இந்த மௌனம் எளிதிற் புலப்படும். 1957-இல் நேரு தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரி அகழ்வு விரிந்த வழியில் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. பெயர்ந்தோர் பிடிமண் எடுத்துச் சென்று குலதெய்வத்தைப் புதிய ஊரில் குடியேற்றிக்கொள்ளலாம்; சுடுகாட்டைப் பிடிமண்ணில் எடுத்துச் செல்ல இயலாது. நகரியத்தில் பேய் உலவுகிறது என்பதன்று என் வாதம்; நிலம் கைமாறுவதில் உறைந்துள்ள அச்சத்துக்குப் பேய் வேண்டியதில்லை என்பதே.

நொடிப்பொழுதில் மறையும் சித்திரத்தில் இத்துணைப் பொருளை ஏற்றலாமா என்பர் சிலர். இயற்றியோர் கருத்து இன்னதெனக் கேட்டறிந்துதான் நகைக்க வேண்டுமாயின், நகைக்க எவரும் எஞ்சார்.

என் துணிபுக்கு அத்தொடரே வேறொரு சான்று தருகிறது. முதல் நிகழ்ச்சியின் இரண்டாம் கதையில் உணவு படைத்து உபசரிப்போராக வந்த காங், கோடோஸ் என்னும் வேற்றுக்கிரகவாசிகள், 1996-ஆம் ஆண்டின் ஹாலோவீன் நிகழ்ச்சியில், அவ்வாண்டு அதிபர் தேர்தலில் நின்ற கிளிண்டன், டோல் ஆகியோரின் உருவம் தாங்கி மேடையேறுகின்றனர். வேடம் கலைந்த பின்னும், மூன்றாமவருக்கு இடும் வாக்கு வீணாகும் என்று அஞ்சி, மக்கள் அவ்விருவருள் ஒருவரையே தேர்ந்தெடுத்து அடிமைகளாகின்றனர். நிலவறையில் தரகரின் பின்னே மறைந்திருந்த இறை, ஆறாண்டுகளில் வாக்குச்சீட்டிலேயே பெயர் எழுதிக்கொண்டு வந்துவிட்டது.