திரைக்கு ஒரு முகம், தாளுக்கு ஒரு முகம்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வெள்ளையர் தரைமட்டமாக்கினார்கள். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவர் முகம் எப்படி இருந்தது? கேட்டால் நம்மில் பலருக்கும் 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துச் சிவாஜி கணேசன்தான் நினைவுக்கு வருவார்.

பி. ஆர். பந்துலு அதைக் கேவாகலரில் எடுத்து, டெக்னிகலர் பிரதிகளாக வெளியிட்டார். டெக்னிகலரும் ஒருவகை அச்சுத்தான். மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிலிமில் ஒற்றி எடுப்பார்கள். ஆனால் அது விளக்கொளிக்காகச் செய்த அச்சு. இருட்டுக் கொட்டகையில் கண்ணுக்குப் படம் சற்றுச் சோகையாகவே தோன்றும். ஆகவே கறுப்பை இன்னும் கறுப்பாக, வெளிச்சத்தைப் பளிச்சென்று வைக்க வேண்டும்.

அதே படத்தை அப்படியே சிவகாசி அச்சகத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் வெள்ளையே அதன் உச்ச வெளிச்சம். மையோ பரவும். கண், மீசை, தலைப்பாகையின் மடிப்பு எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். நிழலைச் சற்று வெளுத்துத்தான் அச்சேற்ற வேண்டும்.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) இரண்டு பக்கமும் கண்டவர். முதலில் நாடகத் திரைச்சீலை, பிறகு காலண்டர்.

இன்று கணிப்பொறியில் நொடியில் திருத்துகிறோம், விதி மாறவில்லை. முகமே மிஞ்சாத வீரனுக்குப் படந்தான் முகம். அதையும் மையில் மூழ்கடித்தால், கோட்டையை இடித்தவர்களின் வேலையை நாமே முடித்துவைத்தவர்கள் ஆவோம், இல்லையா?