குழலும் நடையும்



நம் இருதயத்தின் இடப்பக்கம் உடல் முழுவதற்கும் குருதியை அனுப்புகிறது. வலப்பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டுமே அனுப்புகிறது. பாயும் குருதியின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் பாதரச அளவில் சுமார் 14 மில்லிமீட்டர்தான். பெருந்தமனியிலோ ஏறத்தாழ அதன் ஆறு மடங்கு. எளிய வேலைக்கென்று அமைந்த வலக்கீழறையின் சுவரும் மெல்லியது. நுரையீரலின் சிறு தமனிகள் தடித்துக் குறுகும் நோய் ஒன்று உண்டு. அப்போது அந்த மெல்லிய அறை பெரும்பாரத்தைத் தள்ளித் தள்ளி விரிந்து, இறுதியில் ஓய்ந்துவிடுகிறது. ஆடவரைவிடப் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றுகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர்கள் முறையிடுவார்கள். கையில் பட்டை கட்டிப் பார்த்தால் குறையொன்றும் புலப்படாது. ஏனெனில் அது அளப்பது வேறு அழுத்தம்.

இதனை நேரே அளக்க வேண்டுமாயின் இருதயத்தினுள் நுழைந்தாக வேண்டும். அது இயலும் என்று காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் ஜெர்மானிய இளம் மருத்துவர். 1929-ஆம் ஆண்டில் பெர்லினை அடுத்த எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில், மேலதிகாரி தடுத்திருந்தும் அவர் துணிந்தார். கருவிகளின் சாவி ஒரு தாதியிடம் இருந்தது. “என்மீதே சோதியுங்கள்” என்று அவர் முன்வந்தார். ஃபோர்ஸ்மான் அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, தம் இடக்கை நரம்பிலேயே 65 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழலைச் செலுத்திக்கொண்டார். பிறகு படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்றார். படத்தில் குழலின் நுனி வல மேலறையில் தெரிந்தது! தாதியை ஏமாற்றியதை நான் மெச்சமாட்டேன். பிறர் உயிருக்குப் பதில் தம் உயிரைப் பணயம் வைத்ததை மறுக்கவும் மாட்டேன். அவர் 1932-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் வரலாறு மறைத்தல் ஆகாது.

அவருக்குக் கிடைத்ததோ கண்டனமே. அம்முறையை 1940-களில் நியூயார்க்கின் பெல்லவ்யூ மருத்துவமனையில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் செம்மையாக்கி, இருதய அறைகளின் அழுத்தத்தையும் குருதியோட்டத்தையும் எண்களாக்கினர். 1956-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது ஃபோர்ஸ்மான் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் சிறுநீரக வைத்தியராக இருந்தார். 1970-இல் சுவானும் கான்ஸும் குழல் நுனியில் சிறு பலூனைப் பொருத்தினர். கடலில் காற்று பாய்களைத் தள்ளிச்செல்வதைக் கண்டு சுவானுக்கு இந்த யோசனை உதித்ததாம். குருதியோட்டமே பலூனை நுரையீரல் தமனிக்கு இழுத்துச் சென்றது.

ஆனால் குழல் அளப்பது பெரும்பாலும் படுத்திருப்பவரின் இருதயத்தை. நோயாளியின் துன்பமோ எழுந்து நடக்கையில் அல்லவா தொடங்குகிறது? இதற்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்க விமானப்படையினரின் உடல்திறனை அறிய, 12 நிமிடத்தில் எவ்வளவு தொலைவு ஓடுகின்றனர் என்று அளக்கும் முறையைக் கூப்பர் என்பவர் 1968-இல் வெளியிட்டார். பிரிட்டானிய மருத்துவர்கள் 1976-இல் அதை மார்புநோயாளிகளுக்கான நடையாக்கினர். 1982-இல் ஆறு நிமிடமே போதும் என்று கண்டனர். வேண்டுவன ஒரு நீண்ட தாழ்வாரமும் ஒரு கடிகாரமுமே. நோயாளி தமக்கு இயன்ற வேகத்தில் நடக்கலாம், நின்று இளைப்பாறலாம்.

இதில் ஒரு நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. சோதிப்பவர் ஊக்கச் சொற்கள் சொன்னால் நோயாளி கூடுதல் தொலைவு நடக்கிறார் என்று 1984-இல் கயாட் குழுவினர் நிறுவினர். வகுப்பறையில் காலம் கழித்த எனக்கு இது வியப்பளிக்கவில்லை! ஆனால் அளவுகோலுக்கு இது இடையூறு. ஆகவே, எந்த நிமிடத்தில் எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்பதையும் 2002-இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் வரையறுத்தது. தாழ்வாரத்தின் நீளம் 30 மீட்டர் என்றும் விதித்தது.

இந்த எளிய நடைதான் ஒரு மருந்தின் தகுதியைத் தீர்மானித்தது. பார்ஸ்ட் என்னும் பெண் மருத்துவரும் துணைவர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் முற்றிய 81 பேர் 12 வாரம் கண்காணிக்கப்பட்டனர். எப்போப்ரோஸ்டெனால் என்னும் மருந்து இடைவிடாது நரம்பில் செலுத்தப்பட்ட 41 பேரின் இடைநிலை நடைத்தொலைவு 315 மீட்டரிலிருந்து 362 ஆயிற்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 40 பேரிடம் அது 270-இலிருந்து 204-ஆகக் குறைந்தது. அந்த 12 வாரங்களில் எண்மர் இறந்தனர். எண்மரும் இரண்டாம் குழுவினர்.