குருதியைப் படித்தறிதல்: மன்னார்க் கரையும் மலேரியா ஆய்வும்

மன்னார்த் தீவினையும் அதனை அடுத்த பெருநிலக் கரையினையும் திருக்கேதீச்சரத்தாலும் முத்துக்குளிப்பாலும் அறிந்தோர் பலர். மாதோட்டத் துறைக்கு வந்த மரக்கலங்களைப் பற்றி நம்மவர் எழுதிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அக்கரையோர் குருதியிலே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த நோயின் வரலாறோ அத்துணைக் கவனம் பெற்றிலது.

மலேரியா கெட்ட காற்றினால் வருவதென்பதே நெடுங்காலக் கொள்கை. 1880ஆம் ஆண்டில் அல்சீரியாவிலே பணிபுரிந்த பிரெஞ்சுப் படை மருத்துவர் லவரான், நோயாளியின் குருதியில் உயிருள்ள ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்தராபாத்திலே றொனால்ட் றொஸ் அதனை நுளம்பின் வயிற்றினுள்ளே கண்டார். அன்றுதொட்டு, நுணுக்குக்காட்டியிலே குருதியைப் படித்தறிவது மருத்துவத்தில் தனிப் பயிற்சி வேண்டும் கலையாயிற்று.

அக்கலை கைவருதல் எளிதன்று. விரல் நுனியிற் குத்தியெடுத்த குருதித்துளியைக் கண்ணாடி வழுக்கியிலே ஒருபாற் தடிப்பாகவும் ஒருபால் மெல்லிதாகவும் பரப்பிச் சாயம் ஊட்டுவர். தடித்த படலத்திலே செங்குழியங்கள் கரைந்துபோக ஒட்டுண்ணி மட்டும் எஞ்சும்; சில இருப்பினும் அகப்படும். எவ்வினம் என்பதை மெல்லிய படலமே காட்டும். வைவாக்சு இனம் புகுந்த செங்குழியம் பருத்துப் புள்ளிகள் தோன்ற நிற்கும்; பல்சிப்பாரம் இனத்தின் முதிர்ந்த வடிவம் பிறைபோல் வளைந்திருக்கும். சாயத்துகளை ஒட்டுண்ணியென மயங்குதல் கற்பவர்க்கு இயல்பு. ஒட்டுண்ணியைத் துகளென்று விடுதலோ உயிர்க்கேடு.

இக்கலையோடு மன்னாருக்குள்ள உறவு பழையது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற்சேவை 1914இல் தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே எஸ். பி. ஜேம்ஸ், எஸ். ரி. குணசேகரா என்னும் மருத்துவர் இருவர் தலைமன்னார்த் துறையின் மலேரியா பற்றித் தனியறிக்கை எழுதினர். துறைமுகம் திறக்குமுன்னரே அதன் காய்ச்சல் ஆராயப்பட்டது. தோட்டங்களுக்கென ஆயிரக்கணக்கானோர் கடக்கவிருந்த வாயில் அதுவாதலின், இம்முன்னெச்சரிக்கை மக்கள்மேற் கொண்ட அன்பினால் மட்டும் எழுந்ததாகக் கொள்ளவேண்டுவதில்லை.

1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய பெருங்கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்து ஆறுகள் குட்டங்களாக வற்ற, அக்குட்டங்களிலே அனோபிலிசு குலிசிபேசிசு என்னும் நுளம்பு பெருகிற்று. ஆயினும் பேரழிவு நேர்ந்தது ஈரவலயத்தையும் அதன் எல்லையையும் சார்ந்த ஊர்களிலேயாம். அருவியாற்றுப் பக்கம் போன்ற வறண்ட நாடுகளின் மக்கள் ஆண்டுதோறும் நோயுற்று, ஓரளவு தாங்குமாற்றல் பெற்றிருந்தனர். அவ்வாற்றலுக்குக் கொடுத்த விலை சிறுபிள்ளைகளின் உயிர் என்பதை மறத்தலாகாது.

தாங்குமாற்றல் பெற்றவன் காய்ச்சலின்றி நடமாடுவான். ஒட்டுண்ணியோ அவன் குருதியிலே கிடக்கும். குருதி வங்கியின் மருத்துவர்க்கு இடர் விளைப்பது இதுவே. 1901இல் லாண்ட்ஸ்டைனர் குருதிக் கூட்டங்களை வகுத்துக் காட்டியபின், ஒவ்வாக் குருதியால் நேரும் மரணம் தடுக்கத்தக்கதாயிற்று. ஆனால் கூட்டம் ஒத்த குருதியும் நோயைச் சுமந்து செல்லலாம். குளிரிலே சேமித்த குருதியிலும் மலேரியா ஒட்டுண்ணி பல நாள் உயிர்வாழும். ஆகவே குருதிமாற்று மருத்துவம் பயில்வோர் கூட்டம் பொருத்திப் பார்ப்பதோடு அமையாது, கொடையாளர் எங்குச் சென்று வந்தார், எப்போது காய்ச்சலுற்றார் என வினவி அறியவும் பழகுகின்றனர். இலங்கையில் கொடைக்குருதி மலேரியாவுக்காகவும் சோதிக்கப்படுகின்றது. ஊரின் நோய்வரலாறு தெரியாத மருத்துவர் இத்துறையில் அரைக்கல்வி உடையவரே.

டி.டி.ரி. தெளிப்பினால் 1963இல் நாடு முழுவதிலும் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வெற்றி கைக்கு எட்டியதெனத் தெளிப்பை நிறுத்தினர். குருதித் தேடலும் தளர்ந்தது. 1969இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற நுளம்பைப் பலர் குறை கூறுவர். தேடுவாரின்மையையும் அதனோடு சேர்த்தெண்ணுதல் தகும். பின்னர் போர்க்காலத்திலே வடக்கும் கிழக்கும் பெரிதும் துன்புற்றன. 1999இலும் நாட்டிலே 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்.

உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் அறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுரைத்தது. மூன்று மாதம் கழிந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் மன்னார்த் தீவிலே அனோபிலிசு ஸ்டெபென்சி என்னும் நுளம்பின் குடம்பிகள் அகப்பட்டன. இந்திய நகரங்களின் மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்பு அதற்கு முன் இலங்கையில் அறியப்படாதது. குலிசிபேசிசு போல ஆற்றுக் குட்டம் தேடாது, மன்னார் வீட்டுக் கிணறுகளிலேயே அது முட்டையிட்டிருந்தது. பிற்பாடு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது.

நுளம்பு உண்டு, ஒட்டுண்ணியே இல்லை. அது வருவதாயின் மனிதர் குருதியிலேயே வரவேண்டும். 2018 டிசெம்பரில் மொனராகலையிலே, இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் நோய் உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றிற்று. விரைந்து அறியப்பட்டமையால் மேலும் பரவவில்லை. அறிந்தது நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்தோரின் கண். அக்கண்ணைப் பழக்குதற்கு உள்ளூர் நோயாளர் இன்று இலர். பிறந்த நாள்முதல் மலேரியாவைக் காணாத ஆய்வுகூடத்து இளைஞர், முன்னோர் குருதி காய்ந்து கிடக்கும் பழைய வழுக்கிகளை வைத்துப் பிறையையும் புள்ளியையும் கற்கவேண்டியவராயினர். மன்னாரிலோ கிணறுகளிலே குடம்பி தின்னும் மீன்கள் விடப்பட்டன.